கட்டணம் கட்டியவர் விருந்தினர் ஆவாரா?

வருபவரை வரவேற்கும் முறையைத் தமிழருக்கு எவரும் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை. விருந்தோம்பலுக்கெனத் திருக்குறள் தனி அதிகாரமே வகுத்திருக்கிறது. அதன் பத்துக் குறட்பாக்களும் வீட்டுக்காரரின் கடமையையே பேசுகின்றன. வந்தவர் முகம் வாடக் கூடாது. அவரை வெளியே இருத்திவிட்டுத் தான் மட்டும் உண்ணக் கூடாது. 'விருந்து' என்ற சொல்லுக்கே புதுமை என்பதுதான் பழம்பொருள். புதிதாக வந்தவர் எவரோ அவரே விருந்தினர். எல்லாம் சரி. வந்தவருக்குக் கடமை ஏதும் இல்லையா?

உண்டு என்கிறது நற்செய்தி. லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் எழுபத்திரண்டு சீடர்களை ஊர்களுக்கு அனுப்புகிறார். அங்கே அவர் முதலில் ஒழுக்கம் வகுப்பது வீட்டுக்காரருக்கு அன்று, விருந்தினராகச் செல்பவருக்கே. பணப்பையின் பலத்தில் செல்லாதீர்கள். வாசலில் நின்று அந்த வீட்டுக்கு அமைதியை வாழ்த்துங்கள். ஒரே வீட்டில் தங்குங்கள். வீடு வீடாய் மாறித் திரியாதீர்கள். அவர்கள் தருவதை உண்ணுங்கள். இந்த நான்கு விதிகளையும் மறைபரப்பாளருக்கு மட்டும் உரியவை என்று நாம் ஒதுக்கிவைத்துவிட்டோம். ஊர் பார்க்கச் செல்லும் கிறிஸ்தவருக்கும் அவை உரியவை என்பதே என் வாதம். அவை மறக்கப்பட்டால் என்ன நேரும் என்பதற்குச் சான்றாக ஒரு நகரத்தை முன்வைக்கிறேன்.

நம் பங்குகளிலிருந்து ஐரோப்பியத் திருத்தலங்களுக்குக் குழுக்கள் செல்கின்றன. ஆலய அறிவிப்புப் பலகைகளில் அதற்கான வண்ணத் தாள்கள் ஒட்டப்படுகின்றன. பாத்திமா, லூர்து என நீளும் அந்தப் பட்டியல்கள் பலவற்றில் பார்சலோனாவும் இடம்பெறுகிறது. அரை நாள் அல்லது ஒரு நாள். திருக்குடும்பப் பேராலயத்தின்முன் ஒரு நிழற்படம், கடற்கரையில் ஒரு நடை, கடைத்தெருவில் ஒரு மணிநேரம், மறுபடியும் பேருந்து. "காசு கொடுத்துப் போகிறோம், பார்த்துவிட்டு வருகிறோம், இதில் என்ன குற்றம்?" என்று கேட்போருக்கே இக்கட்டுரை மறுமொழி கூறுகிறது.

பதினேழு இலட்சம் பேரின் வீடு

ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கே, மத்தியதரைக் கடலோரம், மலைத்தொடருக்கும் அலைகளுக்கும் இடையே அமைந்த நகரம் பார்சலோனா. பரப்பு ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர். வாழ்பவர் ஏறத்தாழ 17 இலட்சம் பேர். அவர்களுக்குக் கத்தலான் என்னும் சொந்த மொழி உண்டு. செப்டம்பர் 24ஆம் நாள் நகரின் காவலியாகிய இரக்கத்தின் அன்னைக்குத் திருவிழா. அப்போது ஒருவர் தோள்மேல் ஒருவராக மனிதர்கள் ஏறி நின்று கோபுரம் எழுப்புவர். அடியில் தடித்த தோள்கள். உச்சியில் ஒரு சிறு குழந்தை. கீழே நிற்பவர்கள் ஒருவரையொருவர் இறுகத் தாங்காவிட்டால் மேலே நிற்கும் குழந்தை விழுந்துவிடும். உயிர்த்துடிப்பு மிக்க நகரம் என்று பயண நூல்கள் போற்றுகின்றனவே, அந்தத் துடிப்பு கடலிலும் கட்டடங்களிலும் இருந்து பிறப்பதன்று. அடியில் நின்று தாங்கும் தோள்களிலிருந்து பிறப்பது.

அந்தத் தோள்களை விலக்கிவிடும் பழக்கம் அந்நகருக்குப் புதிதன்று. 1714இல் நகரம் போரில் வீழ்ந்தது. வென்ற அரசன் கோட்டை கட்டுவதற்காகக் கடலோரக் குடியிருப்பின் பல நூறு வீடுகளை இடித்தான். வீடிழந்தோர் கரையில் குடிசையிட்டு வாழ்ந்தனர். 1753இல்தான் அவர்களுக்கென 'பார்சலோனெட்டா', அதாவது சின்னப் பார்சலோனா, என்னும் புதிய குடியிருப்பு தொடங்கப்பட்டது. மீனவரும் மாலுமிகளும் துறைமுகத் தொழிலாளரும் அதன் சிற்றறைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். இருபதாம் நூற்றாண்டில் அதன் அருகே, சொமொரோஸ்ட்ரோ என்ற மணற்கரையில், ஏழைகளின் பெருங்குடிசைப் பகுதி பரவியிருந்தது. 1966இல் அதுவும் அகற்றப்பட்டது. பின்னர் 1992ஆம் ஆண்டின் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்காக, ஆலைகளும் இருப்புப் பாதைகளும் மறைத்திருந்த கடலோரம் திறக்கப்பட்டுப் புதிய கடற்கரைகள் அமைக்கப்பட்டன. அது நகர மக்களுக்கு நன்மையே. பல தலைமுறையாகக் கடலுக்கு முதுகு காட்டி வாழ்ந்தவர்கள் கடலின் முகத்தைக் கண்டனர்.

உலகமும் அந்த முகத்தைக் கண்டது. உடனே புறப்பட்டு வந்தது. இன்று ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி அளவிலான பயணிகள் அந்நகரில் வந்து தங்குகின்றனர். இவர்களைத் தவிர, காலையில் பெருங்கப்பலில் வந்திறங்கி மாலையில் திரும்பிவிடுவோர் வேறு.

இம்முறை மக்களை வெளியேற்றப் படை வரவில்லை. இடிக்கும் எந்திரமும் வரவில்லை. சக்கரம் வைத்த பெட்டிகள் வந்தன. ஒரு குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதைவிடப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவதில் வருவாய் மிகுதி என்று வீட்டுச் சொந்தக்காரர்கள் கண்டுகொண்டனர். மீனவரின் சிற்றறைகள் விடுமுறை விடுதிகளாயின. பத்தாண்டுகளில் வாடகை 68 விழுக்காடு உயர்ந்தது என்று நகர மேயர் ஜாவுமா கொல்போனி 2024 ஜூன் மாதத்தில் அறிவித்தார். பயணிகளுக்கு விடப்படும் 10,101 குடியிருப்புகளின் உரிமங்களும் 2028 நவம்பருக்குப்பின் புதுப்பிக்கப்படமாட்டா என்றும் அவர் அப்போதே அறிவித்தார். தன் மக்களுக்கு வீடு வேண்டும் என்பதற்காக ஒரு நகரம் பத்தாயிரம் வாசல்களைப் பயணிகளுக்கு மூடத் துணிகிறதென்றால் நோய் எவ்வளவு முற்றியிருக்க வேண்டும்!

இன்னும் சிறிய சான்று ஒன்று உண்டு. மலைச்சரிவில் உள்ள குவெல் பூங்காவின் பக்கமாக 116 என்னும் எண்ணுடைய சிறு பேருந்து செல்கிறது. அப்பகுதி முதியோர் கடைக்குச் சென்று பையுடன் மேடேறி வீடு திரும்ப அதையே நம்பியிருந்தனர். பயணிகள் அதை நிறைத்துவிட்டதால் முதியோருக்கு இடமில்லாமற்போயிற்று. 2024இல் நகராட்சி கேட்டுக்கொண்டதன்பேரில் கூகுள் வரைபடத்திலிருந்தே அந்தப் பேருந்துத் தடம் நீக்கப்பட்டது. தன் பாட்டிமாருக்கு ஓர் இருக்கை கிடைப்பதற்காக ஓர் ஊர் தன் பேருந்தையே ஒளித்துவைக்க நேர்ந்தது.

"பணம் கொடுக்கிறோமே!"

நம்மவர் சொல்லும் முதல் மறுப்பு இது. பயணிகளின் பணத்தில்தானே அவர்கள் பிழைக்கிறார்கள்? இதில் உண்மை இல்லாமலில்லை. அந்நகரின் பொருளாதாரத்தில் ஏறத்தாழ 14 விழுக்காடு சுற்றுலாவைச் சார்ந்தது என்று கணக்கிடப்படுகிறது. அறையைத் துடைப்பவரும் தட்டு ஏந்துபவரும் வண்டி ஓட்டுபவரும் அதனால் ஊதியம் பெறுகின்றனர். அதை எவரும் இகழ்ந்து பேச வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பணம் யாருடைய பையில் தங்குகிறது என்று கேட்க வேண்டாமா? விடுதியில் நம் படுக்கையை விரிக்கும் பெண் கூலி பெறுகிறாள். அந்தக் கூலியைவிட விரைவாக அவளுடைய வாடகை ஏறுகிறது. கூலியை ஏற்றாமல் வாடகையை மட்டும் ஏற்றும் பணம் அவளுக்கு வாழ்வு தருவதாகுமா? நகரத்தை அலங்கரிப்பவளே நகரத்துக்கு வெளியே குடியேறி, விடியுமுன் தொடர்வண்டி ஏறி வேலைக்கு வருவதற்குப் பெயர் வளர்ச்சியா?

சந்தையைப் பாருங்கள். ராம்ப்லா என்னும் புகழ்பெற்ற வீதியின் ஓரத்தில் பொக்கெரியா என்ற பழைய அங்காடி இருக்கிறது. புனித யோசேப்பின் பெயரைத் தாங்கிய அங்காடி அது. மீனும் இறைச்சியும் கீரையும் வாங்க வந்த இல்லத்தரசிகள் கூட்டத்தில் நுழைய முடியாமல் திகைத்தனர். படம் எடுப்பவர் மீன் வாங்குவதில்லை. ஆகவே கடைக்காரர் பலர் மீனையும் கீரையும் விட்டுவிட்டு, குவளையில் வெட்டிப் போட்ட பழத்தையும் நடந்துகொண்டே தின்னும் பண்டங்களையும் விற்கத் தலைப்பட்டனர். 2015இல் பெரிய பயணக் குழுக்கள் குறிப்பிட்ட நேரங்களில் உள்ளே வரக் கூடாது என்று நகராட்சி விதி செய்தது. சந்தையைப் பார்க்க வந்தவர்கள் பெருகப் பெருகச் சந்தை மறைந்து காட்சிசாலையாயிற்று. எதைப் பார்க்க வந்தோமோ அதை நம் பார்வையே அழித்துவிடுகிறது.

பணம் கொடுப்பவர் வாங்குபவர் ஆகிறார், விருந்தினர் ஆவதில்லை. வாங்குபவருக்கு உரிமை உண்டு. விருந்தினருக்கோ நன்றி உண்டு. வாங்குபவர் 'நான் கொடுத்த காசுக்கு இது போதாது' என்று குறை சொல்வார். விருந்தினர் கொடுத்ததை உண்டு வாழ்த்துவார். 2014 ஆகஸ்டில் பார்சலோனெட்டாவின் தெருவிலும் கடையிலும் சில பயணிகள் உடையின்றித் திரிந்தனர். அந்தப் படங்கள் வெளியானபின் அப்பகுதி மக்கள் நாள்தோறும் தெருவில் இறங்கிப் போராடினர். அந்தப் பயணிகள் தம் அண்டை வீட்டு வாசலில் அவ்வாறு நின்றிருப்பார்களா? தாம் நிற்பது இன்னொருவரின் அண்டை வீடு என்ற நினைவே அவர்களுக்கு இல்லை. கட்டணம் செலுத்திய பூங்காவில் நிற்பதாகவே எண்ணினர்.

நாம் அவ்வளவு கீழ்த்தரமாக நடப்பதில்லை என்று நெஞ்சு நிமிர்த்த வேண்டாம். திருப்பலி நடந்துகொண்டிருக்கும் பீடத்துக்கு முதுகு காட்டி நின்று தன்னைத்தானே படம் பிடித்துக்கொள்ளும் கிறிஸ்தவரும் அதே மரத்தின் கிளைதான்.

பரிகார ஆலயமும் படிக்கட்டும்

திருச்சபையும் இந்த வழக்கில் வெறும் சாட்சியாக நின்றுவிட முடியாது. பார்சலோனாவுக்குப் பயணிகளை ஈர்க்கும் முதன்மையான காந்தம் நம் ஆலயம்தான்.

அதன் தோற்றத்தை நினைத்துப் பாருங்கள். ஜோசப் மரியா பொக்கபெல்லா என்ற புத்தகக் கடைக்காரர், புனித யோசேப்பின் பக்தர் சபையைத் தொடங்கினார். அச்சபையின் முயற்சியால் 1882 மார்ச் 19இல், யோசேப்பின் திருநாளன்று, முதற்கல் நாட்டப்பட்டது. அதைப் 'பரிகார ஆலயம்' என்றார்கள். பாவப் பரிகாரமாக மக்கள் இடும் காணிக்கையால் மட்டுமே எழும் ஆலயம் என்பது பொருள். மறு ஆண்டில் பொறுப்பேற்ற கட்டடக் கலைஞர் அந்தோனி கவுதி தம் வாழ்வையே அதற்குக் கொடுத்தார். காணிக்கை குறைந்தபோது தாமே கையேந்தி நின்றார். உயர்ந்த கோபுரம் அருகிலுள்ள மோன்ஜுயிக் குன்றைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும் என்று திட்டமிட்டார். கடவுளின் படைப்பை மனிதனின் படைப்பு விஞ்சக் கூடாதாம். 1909இல் ஆலய மனையிலேயே கட்டடத் தொழிலாளரின் குழந்தைகளுக்காக ஒரு பள்ளிக்கூடமும் கட்டினார்.

1926 ஜூன் 7ஆம் நாள் அவர் வழக்கம்போல் புனித பிலிப்பு நேரி ஆலயத்தை நோக்கி நடந்து சென்றபோது டிராம் வண்டி மோதியது. நைந்த உடை, கையில் அடையாளத் தாள் இல்லை. பிச்சைக்காரர் என்று எண்ணிப் பலர் கடந்துசென்றனர். ஏழைகளுக்கான திருச்சிலுவை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு ஜூன் 10ஆம் நாள் இறந்தார். நகரத்தின் மாபெரும் கலைஞரை அந்நகரத்தின் தெருவே அடையாளம் காணவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2025 ஏப்ரல் 14இல் அவரை வணக்கத்துக்குரியவர் நிலைக்கு உயர்த்தினார். அதே ஆண்டு அக்டோபரில் அவ்வாலயம் உலகிலேயே மிக உயரமான கிறிஸ்தவ ஆலயமாயிற்று.

பெருமைப்படுவோம், மறுக்கவில்லை. ஆனால் 2024இல் மட்டும் 48 இலட்சம் பேர் கட்டணம் செலுத்தி அதனுள் நுழைந்தனர். அந்தக் கட்டணத்தால்தான் கோபுரங்கள் விரைந்து எழுகின்றன. பரிகாரக் காணிக்கை நுழைவுச் சீட்டாக மாறியதை நாம் ஏன் பேசுவதில்லை? காணிக்கை இடுபவர் தன் பாவத்தை நினைக்கிறார். சீட்டு வாங்குபவர் தன் உரிமையை நினைக்கிறார். இரண்டும் ஒரே கல்லை வாங்கலாம். ஆனால் இரண்டும் ஒரே ஆலயத்தைக் கட்டுவதில்லை.

இதைவிடக் கூர்மையான கேள்வி இன்னொன்று. ஆலயத்தின் முதன்மை முகப்பாகிய மாட்சியின் முகப்புக்கு முன்னே பெரும் படிக்கட்டு அமைய வேண்டும் என்பது திட்டம். அது மயோர்க்கா தெருவைத் தாண்டிச் செல்லும். அதை நிறைவேற்ற வேண்டுமானால் எதிரே உள்ள அடுக்குமாடிகளை இடிக்க வேண்டும். அங்கே வாழும் குடும்பங்கள் வெளியேற வேண்டும். நெடுங்காலமாக இந்த விவாதம் நீடிக்கிறது; குடியிருப்போர் எதிர்த்து நிற்கின்றனர். கலைஞரின் கனவு முழுமை பெற வேண்டாமா என்று ஒரு சாரார் வாதிடுகின்றனர்.

என் மறுமொழி வெளிப்படையானது. விடுதியில் இடம் கிடைக்காத குடும்பத்தின் பெயரைத் தாங்கிய ஆலயம் எந்தக் குடும்பத்தின் இடத்தையும் பறிக்கக் கூடாது. பெத்லகேமில் கதவடைக்கப்பட்ட யோசேப்பும் மரியாவும், தங்கள் பெயரால் இன்னொரு தாயின் அடுப்பு அணைக்கப்படுவதை ஏற்பார்களா? படிக்கட்டு இல்லாத முகப்பு குறையுடையதுதான். அந்தக் குறையே அந்த ஆலயத்தின் மிகச் சிறந்த மறையுரையாக இருக்கும். தொழிலாளியின் குழந்தைக்குப் பள்ளி கட்டியவரின் கனவை, தொழிலாளியின் வீட்டை இடித்து நிறைவேற்றுவது கனவுக்குச் செய்யும் மரியாதையாகாது.

திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2010 நவம்பர் 7ஆம் நாள் அவ்வாலயத்தை அர்ச்சித்தார். அதே நாள் மாலையில் அவர் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளைப் பேணும் இல்லம் ஒன்றுக்குச் சென்றார். நகரத்தைப் பார்ப்பதற்கு அது ஒரு பாடம் அன்றோ? காலையில் கோபுரம், மாலையில் குழந்தை. நம் பயணப் பட்டியல்களில் மாலைக்குரியது எங்கே?

குண்டு துளைத்த சுவர்

கவுதி தேடிச் சென்ற அந்தப் பிலிப்பு நேரி ஆலயம் பழைய நகரின் ஒரு சிறு சதுக்கத்தில் நிற்கிறது. நடுவே நீரூற்று, அமைதியான இடம். ஆலயத்தின் சுவரெங்கும் ஆழமான குழிகள். உள்நாட்டுப் போர் நடந்த 1938ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், பிராங்கோவுக்குத் துணைநின்ற இத்தாலிய விமானங்கள் அங்கே குண்டு வீசின. 42 பேர் மாண்டனர். பெரும்பாலோர் அங்கே அடைக்கலம் புகுந்திருந்த குழந்தைகள். அந்தக் குழிகளை மூடாமல் நகரம் அப்படியே வைத்திருக்கிறது.

அழகிய சதுக்கம் என்று பயணக் குழுக்கள் அங்கே வருகின்றன. குழிகளின் முன்னே சிரித்து நின்று படம் எடுத்துக்கொள்வோர் உண்டு. அவர்கள் தீயவர்கள் அல்லர், அறியாதவர்கள். ஆனால் அறியாமை எங்கிருந்து வந்தது? ஓர் ஊருக்கு அரை நாள் மட்டும் ஒதுக்குபவருக்கு அந்த ஊர் எங்கே அழுதது என்று தெரிந்துகொள்ள நேரம் இருக்காது. சிரிக்கும் இடங்களை மட்டும் பார்த்துத் திரும்புபவர் நகரத்தைப் பார்க்கவில்லை, தம்மைத்தாமே பார்த்துக்கொண்டார்.

அப்படியானால் பயணமே வேண்டாமா?

இது இரண்டாவது மறுப்பு. 2024 ஜூலை 6ஆம் நாள் பார்சலோனாவில் ஆயிரக்கணக்கானோர் பேரணி சென்றனர். அவர்களுள் சிலர், உணவகங்களில் அமர்ந்திருந்த பயணிகள்மீது பொம்மைத் துப்பாக்கிகளால் தண்ணீர் பீய்ச்சினர். அந்தப் படங்களைக் கண்ட நம்மவர் சிலர், "இவர்கள் ஊருக்கு ஏன் போக வேண்டும்?" என்று சினந்தனர். வேறு சிலர் எதிர்த்திசையில் சென்று, பயணமே பாவம், வீட்டிலேயே இருப்போம் என்று முடிவுகட்டுகின்றனர்.

இரண்டையும் நான் ஏற்கவில்லை. உண்ண அமர்ந்தவர்மேல் தண்ணீர் பீய்ச்சுவது நீதி ஆகாது. வீட்டு வாடகையை ஏற்றியவர் அந்த மேசையில் அமர்ந்திருக்கவில்லை. ஆனால் வீடிழப்பவரின் சினத்தைப் பயணத்தின் இடையூறாக மட்டும் காண்பதும் கிறிஸ்தவ மனம் ஆகாது. பயணம் பாவமும் அன்று. ஆபிரகாம் முதல் எம்மாவு சீடர்வரை நம் மீட்பின் வரலாறு வழிநடையாலேயே எழுதப்பட்டது. கேள்வி, எப்படிப் போவது என்பதே.

அதற்கு விடை அதே பார்சலோனாவின் கரையில் இருக்கிறது. 1523இல் லொயோலா இஞ்ஞாசியார் புனித நாட்டுக்குச் செல்ல அங்கே கப்பலுக்குக் காத்திருந்தார். கப்பல் தலைவர் கட்டணமின்றி ஏற்றிச்செல்ல இசைந்தார். ஆனால் உணவுக்கு வேண்டிய உலர் ரொட்டியை அவரே கொண்டுவர வேண்டும் என்றார். கடவுளை மட்டும் நம்பிச் செல்ல வேண்டியவர் உணவைச் சேர்த்துச் செல்லலாமா என்று இஞ்ஞாசியார் கலங்கினார். ஒப்புரவு அருட்சாதனம் வழங்கிய குருவின் சொல்லைக் கேட்டு, இரந்து ரொட்டி சேர்த்தார். கப்பல் ஏறும்போது கையில் சில காசுகள் மிஞ்சியிருந்தன. அவற்றைக் கடற்கரையில் இருந்த ஒரு பலகையின்மேல் வைத்துவிட்டுப் புறப்பட்டார். தம் வாழ்க்கை வரலாற்றில் தம்மை 'திருப்பயணி' என்றே குறிப்பிடும் அவர், மறு ஆண்டு அதே நகருக்குத் திரும்பி வந்து, முப்பது வயதைக் கடந்த நிலையில், சிறுவர்களுடன் அமர்ந்து இலத்தீன் கற்றார்.

வாங்கிச் செல்வதற்கு வராமல், வைத்துச் செல்பவர் திருப்பயணி. காட்டச் சொல்லாமல், கற்க அமர்பவர் திருப்பயணி. அவருடைய தோழர் புனித சவேரியார் 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது செய்ததும் அதுவே. அவர் தமிழில் செபங்களை மொழிபெயர்க்கச் செய்து, மனப்பாடம் செய்து, பரதவக் குழந்தைகளுடன் சேர்ந்து சொன்னார். அவர் நம் கடற்கரையைப் 'பார்த்துவிட்டு'ப் போயிருந்தால் இன்று நம்முள் எத்தனை பேர் அவர் பெயரைத் தாங்கியிருப்போம்?

நாம் செய்யத்தக்கவை

குறை கூறுவது எளிது. ஆகவே செய்யத்தக்கவற்றையும் சொல்கிறேன். ஆண்டவரின் நான்கு விதிகளே போதும்.

ஒன்று: ஒரே வீட்டில் தங்குங்கள். பன்னிரண்டு நாளில் எட்டு நகரங்கள் என்னும் பட்டியலைப் பங்குத்தந்தையரும் அன்பியங்களும் மறுக்க வேண்டும். இரண்டு ஊர்கள் போதும். குடும்பங்களின் வீடுகளை விழுங்கிய நாள்வாடகைக் குடியிருப்புகளைத் தவிர்த்து, விடுதிகளிலோ துறவற இல்லங்களிலோ தங்குவோம். காலையில் இறங்கி மாலையில் ஏறும் பெருங்கப்பல் பயணம் நமக்கு வேண்டாம். அந்நகரமே 2030ஆம் ஆண்டுக்குள் கப்பல் முனையங்களை ஏழிலிருந்து ஐந்தாகக் குறைக்க 2025இல் முடிவு செய்துவிட்டது.

இரண்டு: தருவதை உண்ணுங்கள். அவ்வூர்க்காரர் உண்ணும் இடத்தில், அவ்வூர் உணவை, அவ்வூரின் நேரத்தில் உண்போம். வணக்கம், நன்றி என்னும் இரு சொற்களையேனும் கத்தலான் மொழியில் கற்றுச்செல்வோம்.

மூன்று: பணப்பையின் பலத்தில் நுழையாதீர்கள். திருக்குடும்பப் பேராலயத்தில் ஞாயிறு காலை 9 மணித் திருப்பலிக்குக் கட்டணம் இல்லை; முன்னதாகச் சென்றால் இடம் கிடைக்கும். அதன் நிலவறை ஆலயம் இன்றும் ஒரு பங்கு ஆலயம். அங்கே அக்கம்பக்கத்தார் செபிக்கின்றனர். கவுதியின் கல்லறையும் அங்கேதான். துறைமுகத்தின் அருகே 'கடலின் தூய மரியா' ஆலயம் நிற்கிறது. 1329இல் தொடங்கி 1383இல் முடிந்த அந்த ஆலயத்துக்கு, மோன்ஜுயிக் குன்றிலிருந்து கற்களைத் துறைமுகச் சுமைதூக்கிகள் தம் முதுகில் சுமந்து வந்தனர். அவர்களின் உருவங்கள் கதவில் வெண்கலமாய்ப் பதிக்கப்பட்டுள்ளன. அரசன் கட்டாத, சுமையாளர் கட்டிய ஆலயம் அது. அங்கே கடைசி வரிசையில், படக்கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு, அவ்வூர் முதியவர்களின் நடுவே ஒரு திருப்பலியில் பங்குபெறுங்கள். மொழி புரியாது, பலி புரியும்.

இவை அந்நகரத்தின் வாடகையைக் குறைத்துவிடுமா என்று கேட்பீர்கள். குறைக்காது. அதற்குச் சட்டமும் அரசும் வேண்டும். ஆனால் சட்டம் பிறரின் பேராசையைக் கட்டுப்படுத்தும்வரை நம் பேராசைக்கு விடுமுறை கொடுத்து வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வேளாங்கண்ணியின் திருவிழா நாள்களில், ஊரைவிடப் பன்மடங்கு கூட்டம் ஊருக்குள் நுழையும்போது உள்ளூரார் படும் இடர் என்னவென்று நமக்குத் தெரியும். நம் வீட்டில் உணர்ந்ததை அயல் வீட்டில் மறப்பது ஏன்?

நான்காவது விதி, வீட்டுக்குள் நுழைகையில் முதலாவது. எளிதாகத் தோன்றுவதும் அதுவே. வாசலில் நின்று, 'இந்த வீட்டுக்கு அமைதி' என்று வாழ்த்துவது. அதைச் சொல்வதற்கு முன்னே ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும்: நாம் வந்து நிற்கும் இந்த இடம் காட்சிசாலை அன்று, சந்தைச் சரக்கும் அன்று, இது ஒரு வீடு.